அற்புதங்களைத் தொன்மமாக வாசிப்பது எதுவரை?

விவிலியத்தில் வரும் அற்புதங்களைத் தொன்மங்களாகக் கொள்ளலாமா என்ற கேள்வியைக் கிறித்தவத்தின் எதிரிகள்தான் கேட்கிறார்கள் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாக அந்தக் கேள்வியை ஓயவிடாமல் கேட்டுவருபவர்களில் பெரும்பாலோர் இறையியலாளர்களே. புதிய ஏற்பாட்டைக் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்டவர்களும், ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசங்க மேடை ஏறியவர்களும் அவர்களில் உண்டு. நானும் விசுவாச அறிக்கையை மனமறிந்து சொல்லுகிறவன். அந்த நிலையில் நின்றுதான் இதை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தொன்மம் என்ற வாசிப்பு, சில அற்புதக் கதைகளை வேறெந்த வாசிப்பையும்விட நன்றாகத் திறந்துகாட்டுகிறது. ஆனால் எல்லா அற்புதங்களுக்கும் சேர்த்து ஒரே தீர்ப்பாக அதை எழுதும்போது அது வலுவிழக்கிறது. ஒவ்வொரு கதையையும் தனித்தனியே எடுத்து, அதன் சொற்களிடமே கேட்டுத்தான் இந்த வாசிப்பு அங்கே பொருந்துமா என்று முடிவு செய்ய வேண்டும்.

இந்த விவாதத்தில் தொன்மம் என்பதற்குப் பொய் என்று பொருள் இல்லை. ஒரு சமூகம் தான் உயிராய்ப் பற்றியிருக்கும் ஒரு நம்பிக்கையைக் கதையின் வடிவில் சொல்லும்போது பிறப்பது தொன்மம். அதை யாரும் உட்கார்ந்து புனைவதில்லை. சொல்லுகிறவரும் கேட்கிறவரும் அதை உண்மையென்றே ஏற்கிறார்கள். இந்த வரையறையை விவிலிய ஆய்வுக்குள் உறுதியாக நிலைநாட்டியவர் ஜெர்மானிய இறையியலாளர் டாவிட் ஃப்ரீட்ரிக் ஸ்ட்ராவுஸ். இயேசுவின் வாழ்க்கையைப் பற்றிய அவருடைய பெருநூல் 1835இல் வெளிவரத் தொடங்கியபோது அவருக்கு வயது 27. அவர் செய்தது என்ன என்று விளங்க வேண்டுமானால், அற்புதங்களை எப்படி விளக்குவது என்ற கேள்விக்கு அவருக்கு முன்னால் இருந்த இரண்டு விடைகளைப் பார்க்க வேண்டும்.

முதல் விடை ஹாம்பர்க் நகரில் கீழைமொழிகள் கற்பித்த ஹெர்மன் சாமுவேல் ரைமாருஸ் தந்தது. தம் வாழ்நாளில் அதை அச்சிட அவர் துணியவில்லை. 1768இல் அவர் மறைந்த பிறகு, அவருடைய கையெழுத்துப் படியின் பகுதிகளை 1774 முதல் 1778 வரை ஜெர்மானிய எழுத்தாளர் லெஸ்ஸிங், எழுதியவரின் பெயர் குறிப்பிடாமல் வெளியிட்டார். சீடர்கள் இயேசுவின் உடலைத் திருடினார்கள், பிறகு உயிர்த்தெழுந்தார் என்று அறிவித்தார்கள் என்பதே ரைமாருஸின் முடிவு. அதாவது, திட்டமிட்ட மோசடி. இந்த விடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தாங்களே இட்டுக்கட்டிய ஒன்றுக்காக ஒரு கூட்டம் துன்பத்தையும் சாவையும் ஏற்றது ஏன் என்பதை அதனால் விளக்க முடியவில்லை.

இரண்டாம் விடை பகுத்தறிவு உரையாளர்களுடையது. அவர்களில் முதன்மையானவர் ஜெர்மானிய இறையியலாளர் ஹைன்ரிக் பாவுலுஸ். நிகழ்ச்சிகள் நடந்தவையே, ஆனால் இயற்கையாக நடந்தவை. பார்த்தவர்கள் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்பது அவர் வழி. ஐயாயிரம் பேருக்கு உணவளித்த இடத்தில், இயேசு தம்மிடம் இருந்ததைப் பகிர்வதைக் கண்ட மக்கள் தாங்கள் மறைத்துவைத்திருந்த உணவையும் எடுத்துப் பகிர்ந்தார்கள் என்றார். கடல்மேல் நடந்த கதையில், இயேசு கரையோரமாகத்தான் நடந்தார், இருளில் சீடர்களுக்கு அது தண்ணீர்மேல் நடப்பதுபோல் தோன்றியது என்றார். இந்த விளக்கங்கள் இன்றும் பிரசங்கங்களில் உலவுகின்றன. குறிப்பாக, பகிர்ந்துண்ட விளக்கம் கேட்க இனிமையாக இருப்பதால் அடிக்கடி வருகிறது. எனக்கு அது மிகவும் பலவீனமான வாசிப்பாகவே படுகிறது. எழுதியவர் சொல்ல வந்த ஒன்றைக் கைவிட்டு, அவர் சொல்லாத ஒன்றை அது அந்த இடத்தில் வைக்கிறது. மக்கள் உணவை மறைத்துவைத்திருந்தார்கள் என்று நான்கு நற்செய்திகளில் ஒன்றுகூடச் சொல்லவில்லை.

ஸ்ட்ராவுஸ் இரண்டு தரப்பையும் மறுத்தார். நடந்தது நடந்தபடியே எழுதப்பட்டிருக்கிறது என்று சொன்னவர்களிடம், நற்செய்திகள் ஒன்றுக்கொன்று முரண்படும் இடங்களை வரிக்கு வரி எடுத்துக்காட்டினார். பாவுலுஸின் வழியில் சென்றவர்களிடம், அற்புதத்தை நீக்கிவிட்டு மிச்சத்தை மட்டும் வரலாறு என்று வைத்துக்கொள்ள உங்களுக்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். கடவுள் அனுப்பும் மீட்பரான மெசியா வரும்போது, பழைய ஏற்பாட்டு இறைவாக்கினர்களான மோசேயைப் போலவும் எலியாவைப் போலவும் எலிசாவைப் போலவும் செய்வார், அவர்களை மிஞ்சியும் செய்வார் என்ற எதிர்பார்ப்பு யூத மக்களிடம் இருந்தது. இயேசுவே மெசியா என்று நம்பியவர்கள், அந்த எதிர்பார்ப்பின் உருவங்களிலேயே அவரைப் பற்றிப் பேசினார்கள். கதைகள் அப்படி விளைந்தன என்பது அவர் கருத்து.

அதற்கு அவர் கொடுத்த விலை பெரியது. ட்யூபிங்கனில் இருந்த வேலை உடனே போயிற்று. 1839இல் சூரிச் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக நியமித்தபோது மக்கள் கொதித்தெழுந்தார்கள்; பணியில் சேரும் முன்பே ஓய்வூதியம் கொடுத்து அவரை விலக்கினார்கள். அப்படியும் அடங்காத சினம் அந்த ஆண்டு செப்டம்பரில் சூரிச் அரசையே கவிழ்த்தது. வாழ்வின் இறுதியில், 1872இல், நாம் இன்னும் கிறித்தவர்களா என்ற கேள்வியை எழுப்பி, இல்லை என்று ஸ்ட்ராவுஸ் விடை எழுதினார். தொன்மம் என்ற சொல்லைக் கேட்டதும் திருச்சபைகள் இன்றும் அஞ்சுவதற்கு அந்த விடை ஒரு காரணம். ஆனால் ஒருவர் சென்றடைந்த இடத்தை வைத்து, அவர் கையாண்ட முறை அங்கேதான் கொண்டுசேர்க்கும் என்று முடிவு கட்டுவது சரியல்ல.

அந்த முறை எங்கே பலன் தருகிறது என்பதை ஒரு கதையின் அருகில் சென்று பார்க்கலாம். மாற்கு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில், சீடர்கள் படகில் போராடிக்கொண்டிருக்கிறார்கள். எதிர்க்காற்று, துடுப்பு வலித்துக் களைத்துப்போயிருக்கிறார்கள். இரவின் நான்காம் சாமத்தில் இயேசு கடல்மேல் நடந்து அவர்களை நோக்கி வருகிறார். அதற்கு அடுத்து மாற்கு எழுதும் சிறு வாக்கியத்தைப் பலர் கவனிக்காமலே கடந்துவிடுகிறார்கள்: அவர் அவர்களைக் கடந்துசெல்ல விரும்பினார். ஏன்? தத்தளிக்கும் நண்பர்களுக்கு உதவ வருகிறவர் எதற்காக அவர்களைக் கடந்துபோக விரும்ப வேண்டும்? நிகழ்ச்சிக் குறிப்பாக மட்டும் படித்தால் இந்த வாக்கியத்துக்குப் பொருள் இல்லை. பாவுலுஸின் கரையோர நடையில் பொருத்திப் பார்த்தாலும் அதற்குப் பெரிய பொருள் எதுவும் கிடைப்பதில்லை.

யோபு நூலின் ஒன்பதாம் அதிகாரத்தைத் திறந்தால் விடை கிடைக்கிறது. தனியொருவராய் வானத்தை விரிப்பவர், கடலின் அலைகள்மேல் நடப்பவர் என்று கடவுளைப் பற்றி யோபு அங்கே பேசுகிறார். மூன்று வசனங்கள் தள்ளி, அவர் என்னைக் கடந்துபோகிறார், நானோ அவரைக் காண்பதில்லை என்கிறார். கடல்மேல் நடப்பதும் கடந்துபோவதும் ஒரே பாடலில் அருகருகே நிற்கின்றன. சீனாய் மலையில் பாறைப் பிளவில் நின்ற மோசேயைக் கடவுளின் மாட்சி கடந்துசென்றது. ஓரேபில் எலியாவையும் ஆண்டவர் கடந்துசென்றார். இந்தப் பழக்கத்தில் வளர்ந்த காதுக்கு, மாற்கின் அந்த ஒரு வாக்கியம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. படகில் இருந்தவர்கள் யாரை எதிர்கொள்கிறார்கள் என்பதே அங்கே செய்தி. தண்ணீரின் பரப்பு ஒரு மனித உடலின் எடையைத் தாங்குமா என்ற கேள்வி மாற்கின் மனத்தில் இருந்ததற்கு எந்தத் தடயமும் இல்லை.

கதையின் முடிவு இன்னும் வியப்பானது. காற்று அடங்கியதும் சீடர்கள் திகைத்தார்கள்; ஏனெனில் அப்பங்களைக் குறித்து அவர்கள் புரிந்துகொள்ளவில்லை என்கிறார் மாற்கு. கடலையும் காற்றையும் பற்றிய கதையில் அப்பம் எங்கிருந்து வந்தது? அதற்குச் சற்று முன்புதான் ஐந்து அப்பங்களால் ஐயாயிரம் பேர் உண்டார்கள். அந்த உணவைப் புரிந்துகொண்டிருந்தால் கடலில் வந்தவரையும் புரிந்துகொண்டிருப்பார்கள் என்பது மாற்கின் கருத்து. எனவே அப்பங்களின் கதைக்குப் போக வேண்டும். அரசர்கள் இரண்டாம் நூலின் நான்காம் அதிகாரத்தில் எலிசாவிடம் ஒருவர் இருபது வாற்கோதுமை அப்பங்களைக் கொண்டுவருகிறார். நூறு பேருக்கு இதை எப்படிப் பரிமாறுவது என்று பணியாளர் கேட்கிறார். பரிமாறு என்கிறார் எலிசா; எல்லாரும் உண்டார்கள், மீதியும் இருந்தது. மாற்கில் அதே தயக்கம், அதே கட்டளை, அதே மீதி. எண்கள் மட்டும் பலமடங்கு பெருகியிருக்கின்றன. யோவான் தம் நற்செய்தியில் அவை வாற்கோதுமை அப்பங்கள் என்றே குறிப்பிடுகிறார்.

மாற்கு இந்த விருந்தை வைத்திருக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். அதற்கு முந்தைய பகுதி அரசன் ஏரோதின் பிறந்தநாள் விருந்து. அங்கே பெருங்குடி மக்கள் மட்டும் அழைக்கப்பட்டார்கள். கடைசியில் தட்டில் வந்தது திருமுழுக்கு யோவானின் தலை. அந்த அரண்மனையை விட்டு வெளியே வந்தால், ஆயரில்லா ஆடுகளைப் போல் இருந்த கூட்டம் பசும்புல்லின்மேல் அமர்ந்து வயிறார உண்கிறது. பசும்புல் வெளியில் தன்னை இளைப்பாறச் செய்யும் ஆயரைப் பற்றிய திருப்பாடல் நினைவுக்கு வராமல் இதைப் படிக்க முடியாது. எடுத்து, வாழ்த்தி, பிட்டு, கொடுத்தார் என்று இங்கே வரும் அதே வரிசை, இறுதி இராவுணவிலும் வருகிறது. இவ்வளவு நெருக்கமாக நெய்த ஒரு கதையைப் பார்த்து, உண்மையில் எத்தனை அப்பங்கள் இருந்தன என்று விசாரித்துக்கொண்டிருப்பது அதற்குச் செய்யும் அநீதி. தொன்மம் என்ற வாசிப்பு இங்கே கதையின் நிறைவை நமக்குத் திருப்பித் தருகிறது. அந்த நன்றியை நான் மறைக்க விரும்பவில்லை.

நற்செய்தியாளர்களே இந்தக் கதைகளைத் தம் செய்திக்கேற்ப வடிவமைத்தார்கள் என்பதற்கும் சான்று உண்டு. மாற்கில் சீடர்கள் உள்ளம் மழுங்கிப்போய்த் திகைக்கிறார்கள். அதே கதையை எழுதும் மத்தேயுவில் அவர்கள் இயேசுவை வணங்கி, நீர் உண்மையாகவே இறைமகன் என்கிறார்கள்; பேதுரு தண்ணீரில் இறங்கி மூழ்கும் பகுதியும் அங்கே சேர்கிறது. எழுத்தின் வரலாற்று உண்மையை மட்டுமே அளவாகக் கொண்டால், இருவரில் ஒருவர் தவறு என்று சொல்ல வேண்டிவரும். இருவரும் பறைசாற்ற வந்தவர்கள் என்று கொண்டால் அந்த நெருக்கடி எழுவதில்லை. இதைக் கண்டுகொண்டவர்கள் நவீனர்கள் மட்டுமல்லர். மூன்றாம் நூற்றாண்டிலேயே திருச்சபையின் பெரும் இறையியலாளர் ஓரிகன், அலகை இயேசுவை ஒரு மலைக்குக் கொண்டுபோய் உலகின் எல்லா அரசுகளையும் காட்டியது என்ற பகுதியை எழுத்தின்படி கொள்ள முடியாது, எந்த மலையிலிருந்தும் ஊனக்கண்ணால் எல்லா அரசுகளையும் காண இயலாது என்று வெளிப்படையாக எழுதினார். யாரும் அதற்காக அவரை நம்பிக்கையற்றவர் என்று சொன்னதில்லை. அவர்மேல் பின்னாளில் எழுந்த கண்டனங்கள் முக்கியமாக வேறு காரணங்களுக்கானவை.

இருபதாம் நூற்றாண்டில் இந்தக் கேள்வியை மறுபடியும் பற்றவைத்தவர் ஜெர்மனியின் மார்பூர்க் நகரில் புதிய ஏற்பாடு கற்பித்த ருடால்ஃப் புல்ட்மன். ஹிட்லர் ஆட்சியில் திருச்சபைக்குள் இனச் சட்டத்தைக் கொண்டுவர முயன்றவர்களை எதிர்த்தவர்களில் ஒருவர் அவர். போர்க்காலத்திலும் தொடர்ந்து பிரசங்கித்தவர். 1941இல் அவர் ஆற்றிய உரை தொன்மநீக்கம் என்ற சொல்லைப் பரவச் செய்தது. மேலே வானம், நடுவே பூமி, கீழே பாதாளம் என்ற மூன்றடுக்கு உலகமும், அதில் தேவதூதர்களும் பேய்களும் ஏறி இறங்குவதும் புதிய ஏற்பாட்டின் பின்னணி. மின்விளக்கையும் வானொலியையும் பயன்படுத்திக்கொண்டு, நோய்க்கு நவீன மருத்துவத்தை நாடிக்கொண்டு, அதே வேளையில் அந்த ஆவிகளின் உலகத்தை நம்புவது இயலாது என்றார். இங்கே ஒன்றைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தாராளவாதிகள் தொன்மத்தை வெட்டியெறிந்து, எஞ்சிய அறநெறியை வைத்துக்கொண்டார்கள். புல்ட்மன் அதைக் கடுமையாக எதிர்த்தார். தொன்மத்தை நீக்காமல் பொருள்கொள்ள வேண்டும், அது மனிதன் தன்னைக் கடவுளுக்கு முன் எப்படிக் காண்கிறான் என்பதைச் சொல்லுகிறது என்றார். அவருக்கு உண்மையான இடறல் சிலுவைதான். மூன்றடுக்கு உலகம் தேவையற்ற இடறல், அதற்காக ஒருவரும் நம்பிக்கையை இழக்கக் கூடாது என்பதே அவருடைய மேய்ப்புக்குரிய கவலை.

அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் மின்விளக்கு வாதம் அவருடைய சிந்தனையிலேயே வலுவற்ற பகுதி. மின்விளக்கின் கீழ் அமர்ந்து, மருத்துவரிடமும் சென்று, நோய் தீரக் கடவுளிடமும் வேண்டுகிறவர்கள் உலகக் கிறித்தவர்களில் மிகப் பெரும் பகுதியினர். 1906இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் அசூசா தெருவில் எழுந்த பெந்தெகொஸ்தே இயக்கம் ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா, ஆசியா எங்கும் பரவியது இந்த நவீன வாழ்க்கையின் நடுவிலேதான். நவீன மனிதன் என்று புல்ட்மன் குறிப்பிட்டது ஜெர்மானியப் பல்கலைக்கழகத்தில் படித்த ஒரு குறிப்பிட்ட மனிதனை. அவனால் நம்ப முடியவில்லை என்பது அவனைப் பற்றிய செய்தி. கலிலேயாவில் என்ன நடந்தது என்பதற்கு அது சான்றாகாது.

இதே இடர்ப்பாடு, இன்னும் கூர்மையான வடிவில், வரலாற்று முறையிலும் இருக்கிறது. 1748இல் ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம், ஒரு சாட்சியம் பொய்யாக இருப்பது அது சொல்லும் நிகழ்ச்சியைவிடப் பெரிய அற்புதமாக இருந்தாலொழிய, அற்புதத்தை நம்பக் கூடாது என்றார். 1898இல் ஜெர்மானிய இறையியலாளர் எர்ன்ஸ்ட் ட்ரோல்ட்ச், கடந்தகால நிகழ்ச்சிகளை நம் அனுபவத்தில் உள்ளவற்றோடு ஒப்பிட்டே மதிப்பிட முடியும் என்று வரலாற்றாய்வின் விதியை வகுத்தார். பின்னர் மற்றொரு ஜெர்மானிய இறையியலாளர் வொல்ஃப்ஹார்ட் பானன்பெர்க் இதற்குக் கொடுத்த மறுமொழி எனக்குச் சரியாகப் படுகிறது: ஒன்று பழக்கமான தொன்ம வடிவத்தைப் போலவே இருந்தால், அது தொன்மம் என்று ஐயப்பட ஒப்புமை உதவுகிறது, ஆனால் ஒன்றுக்கு ஒப்புமையே இல்லை என்பதை மட்டும் வைத்து அது நடக்கவில்லை என்று தீர்ப்பளிக்க ஒப்புமைக்கு அதிகாரம் இல்லை. அப்பங்களின் கதைக்கு எலிசா என்ற ஒப்புமை கையிலேயே இருக்கிறது. எல்லாக் கதைக்கும் அப்படி இல்லை.

மாற்கின் எட்டாம் அதிகாரத்தில் பெத்சாய்தாவின் பார்வையற்றவரைப் பாருங்கள். இயேசு அவரைக் கைபிடித்து ஊருக்கு வெளியே கூட்டிச்செல்கிறார், கண்களில் உமிழ்கிறார், கைகளை வைத்து, ஏதாவது தெரிகிறதா என்று கேட்கிறார். மனிதர்களைப் பார்க்கிறேன், அவர்கள் நடக்கும் மரங்களைப் போல் தெரிகிறார்கள் என்கிறார் அவர். இயேசு மறுபடியும் கை வைக்க வேண்டியிருக்கிறது. முதல் முயற்சியில் பாதிதான் நிறைவேறியது என்று சொல்லும் ஒரு கதையை, மெசியாவின் பெருமையைப் பாட விரும்பும் நம்பிக்கை தானாக விளைவிக்குமா? மத்தேயுவும் லூக்காவும் மாற்கின் பெரும்பகுதியை எடுத்தாண்டவர்கள். இருவரும் இந்தக் கதையை விட்டுவிட்டார்கள். காதுகேளாதவரின் நாவை உமிழ்நீரால் தொட்ட ஏழாம் அதிகாரக் கதையையும் விட்டுவிட்டார்கள். நாசரேத்தில் இயேசுவால் வல்ல செயல் எதையும் செய்ய இயலவில்லை என்று மாற்கு எழுதியதை, அதிகம் செய்யவில்லை என்று மத்தேயு மாற்றினார். இங்கே தொன்மம் வளர்வது தெரிகிறது. ஆனால் அது வளர்வதற்கு முன்பே இருந்த, அதற்கு இணங்காத ஒரு நினைவும் தெரிகிறது.

அதோடு, பகைவர்களின் வாய்மொழியும் உண்டு. எருசலேமிலிருந்து வந்த மறைநூல் அறிஞர்கள் இயேசு பேய்களை ஓட்டுகிறார் என்பதை மறுக்கவில்லை. பேய்களின் தலைவனைக்கொண்டு ஓட்டுகிறார் என்றே குற்றம்சாட்டினார்கள். பவுல் தம்மை ஏற்க மறுத்த கொரிந்தியர்களிடமே, உங்கள் நடுவில் அருங்குறிகளும் வல்ல செயல்களும் என்னால் செய்யப்பட்டனவே என்று நினைவூட்டுகிறார். அந்தக் கடிதம் நிகழ்ச்சிக்குச் சில ஆண்டுகளுக்குள் எழுதியது. கேட்பவர்கள் நேரில் இருந்தவர்கள். இதில் தலைமுறைகளாகக் கதை வளர்வதற்கு நேரமே இல்லை.

ஆனால் நேர்மை இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும் என்று கேட்கிறது. மாற்கு எழுதிய அதே காலத்தையொட்டி, அலெக்சாந்திரியாவில் ஒரு பார்வையற்றவர் பேரரசர் வெஸ்பாசியனிடம் வந்து, உம் உமிழ்நீரை என் கண்களில் பூசும் என்று வேண்டினார், பார்வையும் பெற்றார் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் தாசித்துஸ் எழுதியிருக்கிறார். பொய் சொல்வதால் இனி எந்த ஆதாயமும் இல்லாத காலத்திலும் நேரில் கண்டவர்கள் அதைச் சொல்கிறார்கள் என்றும் சேர்க்கிறார். ஹியூம் இதை எடுத்துக்காட்டியது காரணத்தோடுதான். பெத்சாய்தாவுக்கு ஒரு அளவுகோல், அலெக்சாந்திரியாவுக்கு வேறொரு அளவுகோல் என்று ஒரு கிறித்தவர் வைத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு இடத்திலும் ஏதோ ஒரு குணமடைதல் நடந்தது என்பதை நான் ஏற்கத் தயாராக இருக்கிறேன். குணமடைந்தது மட்டுமே இயேசு யார் என்பதை நிறுவிவிடாது. நற்செய்திகளும் அப்படி வாதிடவில்லை. அடையாளம் கேட்டவர்களுக்கு அடையாளம் கொடுக்க மறுத்தவர் அவர்.

திருச்சபைகள் இந்த விவாதத்தை எதிர்கொண்ட விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1870இல் முதல் வத்திக்கான் சங்கம், அற்புதங்கள் நடக்க முடியாதவை, ஆகவே விவிலியத்தில் உள்ளவையும் கட்டுக்கதைகளே என்று சொல்பவர்களைச் சபித்தது. 1910இல் அமெரிக்க பிரெஸ்பிட்டீரியன் பொதுப்பேரவை, அற்புதங்களை மறுக்கக் கூடாத அடிப்படைகளில் ஒன்றாக வைத்தது. பின்பு கத்தோலிக்கத் தரப்பில் கதவு மெல்லத் திறந்தது: 1943இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் விவிலியத்தின் இலக்கிய வகைகளை ஆராய ஊக்கம் தந்தார், 1974இல் பின்னாள் கர்தினால் வால்டர் காஸ்பர் பல அற்புதக் கதைகளைப் புனைவுத் தன்மை கொண்டவை என்றே எழுதினார். இங்கிலாந்தில் டேவிட் ஜென்கின்ஸ் உயிர்த்தெழுதலை உடலளவிலான நிகழ்ச்சியாகச் சுருக்கக் கூடாது என்று பேசியதால் எழுந்த கொந்தளிப்புக்கு நடுவே, 1984 ஜூலை 6 அன்று யார்க் பேராலயத்தில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். மூன்று நாள் கழித்து அந்தப் பேராலயத்தில் பெருந்தீ மூண்டது, மின்னலே காரணம் என்று சொல்லப்பட்டது. கடவுளின் சினம் என்று கடிதம் எழுதியவர்கள் இருந்தார்கள். தொன்மம் எப்படிப் பிறக்கிறது என்பதை நம் காலத்திலேயே கண்ணால் காண முடிந்த தருணம் அது.

கடைசியில் எல்லாம் வந்து நிற்பது உயிர்த்தெழுதலில்தான். இங்கும் நற்செய்திகளின் கதைகளுக்குள் தொன்மத்தின் சாயல் உண்டு. இயேசு இறந்தபோது கல்லறைகள் திறந்தன, இறந்த தூயவர் பலர் எழுந்து நகருக்குள் சென்று பலருக்குத் தோன்றினார்கள் என்று மத்தேயு மட்டும் எழுதுகிறார். எசேக்கியேல் கண்ட எலும்புகளின் பள்ளத்தாக்கு அதில் தெரிகிறது. உயிர்த்தெழுதலை வரலாற்று நிகழ்ச்சியென்று விரிவாக வாதிட்ட அமெரிக்க அறிஞர் மைக்கேல் லைகோனாவே, 2010இல் இந்தப் பகுதியைக் கவிதைத்தன்மை கொண்ட உருவகமாகக் கொள்ளலாம் என்றார். அதற்காகத் தம் முகாமிலேயே கடும் கண்டனத்துக்கு ஆளானார். அவர் செய்ததே சரியான வேலை என்பது என் எண்ணம். ஒரே அதிகாரத்துக்குள் ஒன்றை உருவகமென்றும் மற்றொன்றை நிகழ்ச்சியென்றும் வாசிப்பது குழப்பம் இல்லை, அது கவனம்.

பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 15ஆம் அதிகாரம் கதையாகவே இல்லை. ஏறக்குறைய கி.பி. 54ஐ ஒட்டி எழுதிய அந்தக் கடிதத்தில், தாம் பிறரிடமிருந்து பெற்றுக்கொண்டதை ஒப்படைப்பதாகச் சொல்லி உயிர்த்தெழுந்த இயேசுவைக் கண்டவர்களின் பட்டியலைத் தருகிறார்: கேபா என்ற பேதுரு, பன்னிருவர், ஒரே நேரத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட சகோதரர்கள், யாக்கோபு, எல்லாத் திருத்தூதர்கள், கடைசியாகத் தாம். அந்த ஐந்நூறு பேரில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்ற குறிப்பும் உண்டு. இங்கே எலிசாவின் முன்மாதிரி இல்லை. திறந்த கல்லறையின் காட்சிகூட இல்லை. இந்தப் பகுதியில் பவுல் சாட்சிகளை அடுக்கி உயிர்த்தெழுதலை நிறுவ முயல்வது புல்ட்மனுக்கு மிகவும் இடைஞ்சலாக இருந்தது. அது பவுல் செய்திருக்கக் கூடாத வாதம் என்றே கருதினார். ஸ்ட்ராவுஸும் இந்த இடத்தில் தொன்மம் என்ற விளக்கத்தோடு நிறுத்திக்கொள்ள முடியவில்லை. சீடர்கள் மனக்காட்சி கண்டார்கள் என்று உளவியலைத் துணைக்கு அழைத்தார். கதை சமூகத்தில் தானாக விளைந்தது என்று சொல்வது ஒரு விளக்கம். குறிப்பிட்ட மனிதர்கள் குறிப்பிட்ட நேரத்தில் ஒன்றைக் கண்டார்கள் என்று ஒப்புக்கொண்டு அதற்குக் காரணம் தேடுவது முற்றிலும் வேறு விளக்கம். அந்த மாற்றத்தை ஸ்ட்ராவுஸின் வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

அவர்கள் கண்டது என்ன என்பதில் நம்பிக்கையாளரும் நம்பாதவரும் பிரிவார்கள். வரலாற்றாய்வு அவர்களைச் சேர்த்துவைக்காது. நான் இயேசு உயிர்த்தெழுந்தார் என்றே நம்புகிறேன். கடல்மேல் நடந்த கதையைத் தொன்மமாக வாசிப்பதால் அந்த நம்பிக்கையில் ஒரு துளியும் குறைவதாக நான் உணரவில்லை. உயிர்த்தெழுந்தவரைக் கண்டவர்கள்தான், அலைகள்மேல் நடப்பவரைப் பற்றிய பழைய பாடலை எடுத்து அவருக்குப் பொருத்திச் சொல்லத் துணிந்தார்கள் என்றே எண்ணுகிறேன்.

என்னை வருத்துவது வேறொன்று. இவையெல்லாம் இறையியல் கல்லூரிகளில் முதலாம் ஆண்டிலேயே கற்பிக்கப்படுகின்றன; கற்றவர்கள் பிரசங்க மேடைக்கு வந்ததும் மௌனமாகிவிடுகிறார்கள், அல்லது பாவுலுஸின் பகிர்ந்துண்ட விளக்கத்தில் ஒதுங்கிக்கொள்கிறார்கள். கேட்பவர்களின் நம்பிக்கை உடைந்துவிடும் என்று அஞ்சுகிறார்கள். அதன் விளைவாக, இருபது வயதில் எங்கோ ஸ்ட்ராவுஸின் பெயரை முதன்முதலாகக் கேள்விப்படும் இளைஞர், இத்தனை நாள் தம்மிடம் இதை மறைத்தார்கள் என்ற கசப்போடு வெளியேறுகிறார். அப்படி வெளியேறியவர்களோடு பேசியிருக்கிறேன். அவர்களுடைய கசப்பில் பாதிக்குமேல் அற்புதங்களைப் பற்றியது அல்ல. மாற்கின் ஆறாம் அதிகாரம் வாசிக்கப்படும் ஞாயிற்றுக்கிழமையில், கடந்துசெல்ல விரும்பினார் என்ற சொற்களில் நிறுத்தி, யோபு நூலின் ஒன்பதாம் அதிகாரத்தையும் திறந்து வாசித்துக்காட்டுங்கள் என்று மேய்ப்பர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.